சாரணர் இயக்கத்தை நம் பிள்ளைகளுக்குத் தந்த தாய்

கோடை விடுமுறை என்றால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். பெற்றோருக்கோ திண்டாட்டம்! பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கிறது. வெளியே வெயில் கொளுத்துகிறது. வீட்டுக்குள் இருக்கும் வாண்டுகளை என்ன செய்வது?

இந்தக் கேள்விக்கு ஒரு நல்ல பதில், சாரணர் பாசறை.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், பரங்கிமலை போன்ற சென்னையின் தென்புறத்து ஊர்களில் குடியிருப்பவர்களுக்கு இது புதிய காட்சி அல்ல. காலையில் பையன் சீருடை அணிந்து கிளம்புகிறான். அவன் கழுத்தில் ஸ்கார்ப். அம்மாவின் கையில் டிபன் கேரியர். அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு தங்கையும் வருகிறாள். போகும் இடம், ஒரு நாள் பாசறை.

மரத்தடியில் கொடி ஏறுகிறது. பிள்ளைகள் அணி அணியாக நிற்கிறார்கள். ஓர் அணிக்கு ஆறு முதல் எட்டுப் பேர். அணிக்கு ஒரு மிருகத்தின் பெயர் இருக்கும். அல்லது பறவையின் பெயர் இருக்கும். கயிற்றில் முடிச்சுப் போடப் பழகுகிறார்கள். கழுத்தில் உள்ள ஸ்கார்ப்பையே கழற்றி, அடிபட்ட கையைத் தாங்கக் கட்டுப் போடப் பழகுகிறார்கள். கல்லையும் குச்சியையும் தரையில் வைத்து, பின்னால் வருகிறவனுக்கு வழி காட்டப் பழகுகிறார்கள். மத்தியானம் கொண்டுவந்த சோற்றைப் பகிர்ந்து சாப்பிடுகிறார்கள்.

பொழுது சாய்ந்ததும் நடுவில் தீ மூட்டுகிறார்கள். அதைச் சுற்றி உட்கார்ந்து பாட்டு, கூத்து, கதை! பெற்றவர்களும் உடன்பிறந்தவர்களும் கைதட்டி மகிழ்கிறார்கள்.

இன்று இது சர்வ சாதாரணம். ஆனால் 1910ஆம் ஆண்டு வாக்கில் இது நம் பிள்ளைகளுக்குக் கிடையாது! இந்தியாவில் சாரணர் இயக்கம் இருந்தது. இந்தியச் சிறுவனுக்குத்தான் அதில் இடம் இல்லை.

மூடியிருந்த அந்தக் கதவைத் தட்டித் திறந்தவர்களில் முன்வரிசையில் நின்றவர் ஒரு மூதாட்டி. வயது 70ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் இந்த நாட்டில் பிறந்தவரும் அல்ல. ஆனால் அவர் வாழ்ந்ததும் மறைந்ததும் சென்னை அடையாற்றில்தான். தாம்பரத்தில் மின்சார ரெயில் ஏறிக் கிண்டியில் இறங்கி, ஒரு பஸ் பிடித்தால் போய்விடலாம்.

அவர்தான் அன்னி பெசண்ட் அம்மையார்.

காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை வகித்த முதல் பெண்மணி என்று அவரைப் பலருக்குத் தெரியும். பெற்ற மகளைக் கோர்ட்டு உத்தரவால் பறிகொடுத்த தாய் அவர் என்பது பலருக்குத் தெரியாது.

தந்தையை இழந்த சிறுமி

1847ஆம் ஆண்டு அக்டோபர் 1ந் தேதி லண்டன் நகரில் அன்னி பிறந்தார். ஐந்து வயதில் தந்தை இறந்துவிட்டார். குடும்பத்துக்குச் சொத்து எதுவும் மிஞ்சவில்லை.

தாய் மனம் தளரவில்லை. ஹாரோ என்ற ஊருக்குக் குடிபோனார். அங்கே புகழ்பெற்ற பள்ளிக்கூடம் ஒன்று உண்டு. அதில் படிக்கும் மாணவர்களுக்குத் தங்க இடமும் சாப்பாடும் கொடுக்கும் விடுதி ஒன்றை நடத்தினார். அந்த வருமானத்தில் மகனைப் படிக்க வைத்தார்.

அன்னியை எல்லன் மாரியட் என்ற சீமாட்டி அழைத்துச் சென்று வளர்த்தார். அந்த அம்மாளின் கல்விமுறையே அலாதி. மனப்பாடம் கிடையாது. வெளியே உலாவிவிட்டு வரவேண்டும். கண்ணால் கண்டதைக் கடிதமாக எழுதிக் காட்டவேண்டும். கண்ணைத் திறந்து பார், பார்த்ததைச் சிந்தித்துச் சொல் என்பதே பாடம். பிற்காலத்தில் சாரணர் இயக்கம் அன்னிக்குப் பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை. அதுவும் அதே பாடத்தைத்தான் சொல்லிக் கொடுக்கிறது.

20 வயதில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை பிராங்க் பெசண்ட் என்ற பாதிரியார். 1869ல் டிக்பி என்ற மகனும், 1870ல் மேபல் என்ற மகளும் பிறந்தார்கள்.

குழந்தை மேபலுக்குக் கக்குவான் இருமல் வந்தது. பச்சைக் குழந்தை மூச்சுக்குத் திணறியது. தாய் இரவும் பகலும் மடியில் வைத்துக் காத்தார். குழந்தை பிழைத்தது. ஆனால் தாயின் நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது. ஒரு பாவமும் அறியாத சிசு ஏன் இப்படித் துன்பப்பட வேண்டும் என்ற கேள்வி அவர் மனதைக் குடைந்தது.

பாதிரியாரின் மனைவி கோவில் சடங்கில் கலந்துகொள்ள மறுத்தால் ஊர் என்ன சொல்லும்? கணவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சடங்கில் கலந்துகொள்ள வேண்டும்; இல்லாவிட்டால் வீட்டைவிட்டுப் போகவேண்டும். அன்னி வெளியேறினார். 1873ல் இருவரும் பிரிந்தார்கள். மகன் தந்தையிடம், மகள் தாயிடம் என்று ஏற்பாடு ஆயிற்று.

கோர்ட்டு பறித்த மகள்

லண்டனில் அன்னி பத்திரிகையில் எழுதினார். மேடை ஏறிப் பேசினார். பகுத்தறிவுவாதி சார்லஸ் பிராட்லாவின் நட்பு கிடைத்தது.

ஏழைக் குடும்பங்களில் பிள்ளைகள் அளவுக்கு மீறிப் பிறந்து பசியில் வாடுவதை இருவரும் கண்டார்கள். குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றி டாக்டர் நோல்டன் என்பவர் எழுதிய சிறு புத்தகத்தை 1877ல் இருவரும் சேர்ந்து வெளியிட்டார்கள். உடனே வழக்கு வந்தது. குற்றவாளிகள் என்று ஜூரிகள் முடிவு கூறினார்கள். சட்ட நுணுக்கம் ஒன்றைக் காட்டி அப்பீலில் இருவரும் தப்பினார்கள்.

ஆனால் பேரிடி வேறு பக்கமிருந்து வந்தது. இப்படிப்பட்ட புத்தகத்தை வெளியிட்ட பெண், கடவுளை மறுக்கும் பெண், ஒரு குழந்தையை வளர்க்கத் தகுதியற்றவள் என்று கணவர் கோர்ட்டுக்குப் போனார். அன்னி வக்கீல் வைக்காமல் தாமே வாதாடினார். தீர்ப்பு அவருக்கு விரோதமாக வந்தது. 1878ல் ஏழு வயதுச் சிறுமி மேபல் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டாள். தாய் படுத்த படுக்கையானார்.

பிறகு அப்பீல் செய்தும் மகள் திரும்பக் கிடைக்கவில்லை. வந்து பார்க்க மட்டும் வழி இருந்தது. பார்க்கப் போகும்போதெல்லாம் குழந்தைகளுக்குத்தான் வேதனை. பிள்ளைகள் வளர்ந்து தாங்களாகவே தேடி வரும்வரை பார்ப்பதில்லை என்று அந்தத் தாய் மனதைக் கல்லாக்கிக் கொண்டார்.

அவர்கள் வந்தார்கள்! வயது வந்ததும் மகனும் மகளும் தாயைத் தேடி வந்து சேர்ந்தார்கள். ஆனால் அவர்களின் குழந்தைப் பருவம் போனது போனதுதான்.

பசித்த பிள்ளைக்குச் சோறு

சொந்தப் பிள்ளைகளை வளர்க்க முடியாத தாய் ஊர்ப் பிள்ளைகளுக்காக உழைத்தார்.

1888ல் லண்டனில் ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்த பெண்களின் அவல நிலையைப் பத்திரிகையில் எழுதினார். அவர்களில் பலர் சிறுமிகள். சுமார் 1,400 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்குத் துணை நின்றார் அன்னி. வேலைநிறுத்தம் வெற்றி பெற்றது.

அந்த ஆண்டு இறுதியில் லண்டன் கல்விச் சபைத் தேர்தலில் நின்று, கூலிகளும் ஏழைகளும் நிறைந்த ஒரு வட்டாரத்தில் வெற்றி பெற்றார். பள்ளிக்கூடத்துக்குப் பட்டினியோடு வரும் பிள்ளைக்கு முதலில் சோறு போடவேண்டும், பிறகுதான் பாடம் என்று வற்புறுத்தினார். இலவச மருத்துவச் சோதனை வேண்டும் என்றும் போராடினார். பள்ளி மதிய உணவின் அருமை தெரிந்த தமிழ்நாட்டு மக்களுக்கு அந்தக் குரலின் மதிப்பு நன்றாகப் புரியும்.

1889ல் அவர் வாழ்க்கை திசை திரும்பியது. பிளாவட்ஸ்கி அம்மையார் எழுதிய நூல் ஒன்று மதிப்புரைக்காக அவர் கைக்கு வந்தது. அதைப் படித்தார். பிரம்மஞான சபையில் சேர்ந்தார். பகுத்தறிவு நண்பர்கள் திகைத்துப் போனார்கள்.

1893ஆம் ஆண்டு நவம்பர் 16ந் தேதி. தூத்துக்குடித் துறைமுகத்தில் வந்து இறங்கினார் அன்னி பெசண்ட். இந்திய மண்ணில் அவர் முதலில் கால் வைத்த இடம் தமிழ்நாடு. அப்போது வயது 46. 1898ல் காசியில் மத்திய இந்துக் கல்லூரியைத் தொடங்கினார். பிற்காலத்தில் காசி இந்து சர்வகலாசாலைக்கு அதுவே அடித்தளம் ஆயிற்று.

1907ல் பிரம்மஞான சபையின் தலைவரானார். அந்தச் சபை 1882ஆம் ஆண்டிலேயே அடையாற்றின் கரையில் பெரிய தோட்டம் ஒன்றை வாங்கியிருந்தது. ஆறு கடலில் கலக்கும் இடம். அங்கே விழுதுகள் ஊன்றி ஓர் ஊரளவு பரந்து நின்ற ஆலமரம் உலகப் புகழ் பெற்றது. அந்தத் தோட்டம் அன்னி பெசண்ட் அம்மையாருக்குச் சொந்த வீடாயிற்று.

மீண்டும் ஒரு வழக்கு

அடையாற்றிலும் ஒரு பிள்ளை வழக்கு அவரைத் துரத்தி வந்தது. இந்தத் தடவை நிலைமை தலைகீழ்!

1909ல் அடையாற்றுக் கடற்கரையில் ஒரு சிறுவன் சபையினரின் கண்ணில் பட்டான். அவன்தான் பிற்காலத்தில் உலகம் அறிந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி. அவனையும் தம்பி நித்யாவையும் அம்மையார் தம் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டார். தந்தை நாராயணையா முதலில் சம்மதித்தார். பின்பு, பிள்ளைகளைத் திருப்பித் தரவேண்டும் என்று 1912ல் வழக்குத் தொடுத்தார். தந்தைக்காக வாதாடியவர் சி.பி. ராமசாமி அய்யர். அம்மையார் இங்கும் தம் வழக்கைத் தாமே நடத்தினார்.

சென்னை ஐகோர்ட்டில் தந்தை ஜெயித்தார். 1914ல் லண்டன் பிரிவி கவுன்சிலில் அம்மையார் ஜெயித்தார்.

ஒரு காலத்தில் கோர்ட்டில் நின்று மகளுக்காகக் கதறியவர், இப்போது இன்னொரு தகப்பனின் எதிரே கோர்ட்டில் நின்றார். இதைப் பலர் குறை கூறினார்கள். அம்மையாரின் வாழ்க்கையில் எளிதாக நியாயம் சொல்ல முடியாத அத்தியாயம் இது.

வெள்ளைப் பிள்ளைகளுக்கு மட்டும்!

சாரணர் இயக்கம் பிறந்த கதைக்கு வருவோம்.

பேடன் பவல் என்பவர் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. வாலிப வயதில் இந்தியாவில் குதிரைப் படையில் வேலை பார்த்தவர். 1907ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இங்கிலாந்தில் பிரவுன்சி என்ற சிறு தீவில் சுமார் 20 சிறுவர்களைச் சேர்த்துப் பாசறை நடத்தினார். பணக்காரப் பள்ளிக்கூடத்துப் பையன்களும் தொழிலாளர் வீட்டுப் பையன்களும் ஒரே கூடாரத்தில் தங்கினார்கள். உலகத்தின் முதல் சாரணர் பாசறை அதுதான். மறு ஆண்டே அவர் சிறுவர்களுக்காக எழுதிய சாரணர் நூல் வெளிவந்தது. இயக்கம் காட்டுத்தீ போலப் பரவியது.

1909ல் அது பெங்களூருக்கு வந்துவிட்டது. ஆனால் சேர்த்துக்கொண்டது வெள்ளைக்காரப் பிள்ளைகளையும் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளையும் மட்டுமே.

காரணம் என்ன? சர்க்காருக்குப் பயம்! வரைபடம் பார்க்கத் தெரிந்தவன், காலடித் தடம் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவன், கொடியசைத்துச் செய்தி அனுப்பத் தெரிந்தவன், பத்துப் பேருக்குத் தலைமை தாங்கத் தெரிந்தவன் நாளைக்குப் புரட்சிக்காரன் ஆகிவிட்டால்? வங்காளத்தில் வெடிகுண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம் அது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கென்று 1916ல் பேடன் பவல் குருளையர் படையைத் தொடங்கினார். அதற்கு ஆதாரமாக எடுத்துக்கொண்டது எந்தக் கதை தெரியுமா? கிப்ளிங் எழுதிய மௌக்ளியின் கதை. ஓநாய்கள் வளர்த்த இந்தியச் சிறுவனின் கதை! காடு இந்தியக் காடு. கதாநாயகன் இந்தியப் பையன். ஆனால் அவனைப் போன்ற ஓர் இந்தியப் பையன் நேரில் வந்து நின்றால் இயக்கத்தில் இடம் இல்லை.

தலைப்பாகை கட்டிய சாரணர்

இந்த அநியாயத்தை நம் நாட்டில் பலர் எதிர்த்தார்கள். வடக்கே ஸ்ரீராம் பாஜ்பாய், பண்டித மதன்மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரு ஆகியோர் இந்தியச் சிறுவர்களுக்காகப் படைகளைத் திரட்டினார்கள்.

தெற்கே அந்தப் பணியை ஏற்றவர் அன்னி பெசண்ட் அம்மையார். அவருக்கு வலக்கரமாக நின்றவர் ஜார்ஜ் அருண்டேல். காசிக் கல்லூரியில் ஆசிரியராக இருந்து மாணவர்களின் அன்பைப் பெற்றவர் அவர். 1916-17ல் சென்னையில் இந்தியச் சிறுவர் சாரணர் சங்கம் பிறந்தது. வெள்ளைக்காரர்கள் கதவைத் திறக்காவிட்டால் என்ன? நாமே ஒரு வீடு கட்டிக்கொள்வோம் என்பது அவர்களின் எண்ணம்.

அந்த வீடு நம் நாட்டு வீடாகவே இருந்தது. பிள்ளைகள் தொப்பிக்குப் பதில் தலைப்பாகை கட்டினார்கள். நம் நாட்டுப் பாட்டுகளைப் பாடினார்கள்.

சாரணர் சட்டத்தில் ஒரு விதி உண்டு. எந்த நிலையில் பிறந்திருந்தாலும் ஒவ்வொரு சாரணனும் மற்றச் சாரணனுக்குச் சகோதரன் என்பது அதன் கருத்து. இங்கிலாந்தில் அது பணக்காரனையும் ஏழையையும் பற்றிய விதி. சென்னை ராஜதானியில் அதன் பொருள் அதைவிடப் பெரிது. பந்தியில் பக்கத்தில் யார் உட்காரலாம், யாருடைய கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கலாம் என்று பிறப்பைக் கொண்டு முடிவு செய்த காலம் அது. ஒரே அணி, ஒரே அடுப்பு என்ற பேச்சே அன்று பெரிய பேச்சு.

சிறைப்பட்ட சாரணத் தலைவர்கள்

சங்கம் தொடங்கிய நேரம் புயல் நேரம். 1916 செப்டம்பரில் அம்மையார் ஹோம் ரூல் லீக் என்ற சுயாட்சி இயக்கத்தைத் தொடங்கியிருந்தார். அவர் நடத்திய நியூ இந்தியா பத்திரிகையிடம் சர்க்கார் முதலில் 2,000 ரூபாய் ஜாமீன் கேட்டது. அதைப் பறிமுதல் செய்துவிட்டு, மேலும் 10,000 ரூபாய் கேட்டது. அம்மையார் கட்டினார். எழுதுவதை மட்டும் நிறுத்தவில்லை!

1917 ஜூன் மாதம் சென்னை கவர்னர் பெண்ட்லண்டு பிரபு உத்தரவு போட்டார். அன்னி பெசண்ட், அருண்டேல், பி.பி. வாடியா மூவரும் உதகமண்டலத்தில் காவலில் வைக்கப்பட்டார்கள். தங்கியிருந்த வீட்டுத் தோட்டத்தில் சிவப்பும் பச்சையும் கலந்த சுயாட்சிக் கொடியை ஏற்றினார் அம்மையார்.

நாடு கொதித்தது. ஊர் ஊராகக் கண்டனக் கூட்டங்கள் நடந்தன. மூன்றே மாதத்தில், செப்டம்பரில், மூவரும் விடுதலை ஆனார்கள். அந்த டிசம்பரில் கல்கத்தாவில் கூடிய காங்கிரஸ் மகாசபைக்கு அம்மையார் தலைமை வகித்தார்.

சர்க்காரின் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். இந்தியப் பையன்கள் சாரணர் ஆனால் ராஜாங்கத்துக்கு ஆபத்து என்று பயந்தார்கள். அந்தப் பையன்களைத் திரட்டிய இரண்டு தலைவர்களும் சிறை வைக்கப்பட்டவர்கள்! அப்படியிருந்தும் சங்கம் குலையவில்லை. பிள்ளைகள் கூடினார்கள், உறுதிமொழி எடுத்தார்கள், சேவை செய்தார்கள்.

பேடன் பவல் வந்தார்

1921ல் வைசிராய் செம்ஸ்போர்டு பிரபுவின் அழைப்பின் பேரில் பேடன் பவல் மனைவியுடன் இந்தியாவுக்கு வந்தார். இந்தியச் சிறுவர்கள் சாரணர்களாகப் பழகுவதை அவர் நேரில் பார்த்தார். நாடெங்கும் தனித்தனியாக நடந்த சங்கங்களை ஒன்று சேர்க்க வேண்டும் என்ற பேச்சு நடந்தது. இனி இந்தியப் பிள்ளைக்கும் வெள்ளைப் பிள்ளைக்கும் ஒரே இயக்கம், ஒரே சின்னம், ஒரே உரிமை.

அம்மையார் சம்மதித்தார். சென்னையில் இந்தியச் சாரணர் சங்கம் தாய்ச் சங்கத்தோடு இணைந்தது. பேடன் பவலே அம்மையாருக்குச் சாரணர் உறுதிமொழி செய்து வைத்தார். அகில இந்தியாவுக்கும் கவுரவச் சாரண ஆணையர் என்ற பதவி அவருக்கு வழங்கப்பட்டது. அப்போது அம்மையாருக்கு வயது 73! பத்து வயதுப் பையன் எடுக்கும் அதே உறுதிமொழியை நரைத்த தலையோடு எடுத்துக்கொண்டார்.

ஆனால் அந்த ஆண்டு எப்படிப்பட்ட ஆண்டு? காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் உச்சத்தில் இருந்த ஆண்டு. சர்க்கார் பள்ளிக்கூடத்தை விட்டே மாணவர்கள் வெளியேறிக் கொண்டிருந்தார்கள். அந்த இயக்கத்தை அம்மையார் வெளிப்படையாக எதிர்த்தார். சட்டத்தை மீறினால் நாடு குழப்பத்தில் விழும் என்பது அவர் கொள்கை. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு அவரைத் தோளில் தூக்கிக் கொண்டாடிய ஜனங்களே கூட்டங்களில் அவரைப் பேசவிடாமல் கூச்சல் போட்டார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் வெள்ளைக்காரர்களின் சங்கத்தோடு இணைவது லேசான காரியம் அல்ல.

அவர் செய்தது சரியா, தவறா? இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. வடக்கே சேவா சமிதி சாரணர்கள் இணைய மறுத்துத் தனித்தே நின்றார்கள். அவர்களுக்கு ராஜ விசுவாசம் பிடிக்கவில்லை. அம்மையாரோ, நம் பிள்ளை எந்தச் சபையிலும் தாழ்ந்த நாற்காலியில் உட்காரக்கூடாது என்பதையே பார்த்தார். ஒதுக்கி வைத்தவர்களே அழைத்து, சமமான ஆசனம் தருகிறபோது அதை வாங்கிக்கொள்வதே வெற்றி என்று கருதினார்.

பட்டப்பகலிலிருந்து அந்தி வரை

அதன் பிறகு அரசியலில் அம்மையாரின் செல்வாக்கு குறைந்துகொண்டே வந்தது. இந்தியாவுக்கு ஓர் அரசியல் சட்ட மசோதாவைத் தயாரித்து 1925ல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அது நிறைவேறவில்லை. 1929ல் இன்னொரு அதிர்ச்சி. உலக ஆசிரியன் என்று அவர் நம்பி வளர்த்த கிருஷ்ணமூர்த்தி, தமக்காக ஏற்படுத்தப்பட்ட சங்கத்தைத் தாமே கலைத்துவிட்டார். கோர்ட்டு ஏறிக் காத்த பிள்ளை தன் வழியே போனான். அம்மையார் அவனை வெறுக்கவில்லை. அன்பு மாறாமல் இருந்தார்.

1931ல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரெயில் ஓடத் தொடங்கியது. சென்னை தெற்கே வளரத் தொடங்கிய காலம். அடையாற்றில் அம்மையாரின் உடல் தளர்ந்துகொண்டிருந்தது.

1932ல் பேடன் பவலிடமிருந்து ஒரு விருது வந்தது. வெள்ளி ஓநாய் என்பது அதன் பெயர். சாரணர் இயக்கத்தில் அவர் அளிக்கக்கூடிய மிக உயர்ந்த விருது அது. இந்தியச் சிறுவர்களுக்காகக் கதவைத் தட்டியவருக்கு, அந்த வீட்டின் தலைவரே அனுப்பிய மரியாதை.

1933ஆம் ஆண்டு செப்டம்பர் 20ந் தேதி அடையாற்றில் அம்மையார் காலமானார். 86 வயது நிரம்ப 11 நாட்களே இருந்தன.

ஒன்றாகச் சேர்ந்த சாரணர்கள்

அம்மையார் கட்டிய பாலம் அவர் மறைந்த சில ஆண்டுகளில் ஆட்டம் கண்டது. 1937ல் டெல்லியில் நடந்த அகில இந்தியச் சாரணர் பெருவிழாவுக்குப் பேடன் பவல் வந்தார். அதன் பின் இந்தியர்களின் குணத்தைப் பற்றி அவர் வெளியிட்ட ஒரு கருத்து நாட்டின் மானத்தைச் சுட்டது. 1938ல் பலர் பிரிந்துபோய் இந்துஸ்தான் சாரணர் சங்கத்தை அமைத்தார்கள். இணைய மறுத்தவர்கள் சொன்னதிலும் உண்மை இருந்தது என்பதை அப்போது நாடு கண்டது. பேடன் பவல் 1941ல் ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டில் காலமானார்.

நாடு சுதந்திரம் அடைந்த பிறகே சாரணர்கள் முழுமையாக ஒன்று சேர்ந்தார்கள். 1950ஆம் ஆண்டு நவம்பர் 7ந் தேதி பாரத சாரண சாரணியர் இயக்கம் உதயமாயிற்று. 1951 ஆகஸ்டு 15ந் தேதி பெண்களின் சாரணியர் சங்கமும் அதில் இணைந்தது. ராஜ விசுவாசம் போயிற்று. மூவர்ணக் கொடி ஏறிற்று. இரு பக்கத்தாரும் கேட்டது ஒருசேரக் கிடைத்தது.

இன்று ஐந்து வயதுப் பிள்ளைகூடக் குருளையர் படையில் சேரலாம். பெண் குழந்தைகளுக்கு நீலப்பறவைகள் என்ற படை உண்டு. சாதி கேட்பதில்லை; மதம் கேட்பதில்லை; நிறம் கேட்பதில்லை.

அடையாற்றுக்குத் தெற்கே கடலோரமாக எழுந்த குடியிருப்புக்குப் பெசண்ட் நகர் என்று பெயர். சாயந்திரம் அங்கே காற்று வாங்கப் போகிறவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். அடையாற்றில் அவர் பெயரைத் தாங்கிய சாரணர் முகாமும் உண்டு. ஊரின் பெயரைச் சொல்லும்போது அதற்கு உரிய மனுஷியையும் ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கலாம்.

லண்டனில் ஒரு நீதிபதி, இந்தப் பெண் ஒரு குழந்தையை வளர்க்கத் தகுதியற்றவள் என்று தீர்ப்பு எழுதினார். அந்தப் பெண்தான் பசித்த பிள்ளைகளுக்குச் சோறு கேட்டார். காசியில் கல்லூரி கட்டினார். ஒதுக்கப்பட்ட இந்தியச் சிறுவனின் கையைப் பிடித்துப் பாசறைக்கு அழைத்துப் போனார்.

இந்தக் கோடையில் உங்கள் பிள்ளை சாரணர் பாசறைக்குப் போகிறானா? நீங்களும் போங்கள். மாலையில் தீ மூட்டியதும் வட்டத்தில் உட்காருங்கள். யார் வீட்டுப் பிள்ளை பக்கத்தில் இருக்கிறான் என்று கேட்காமல் உங்கள் பிள்ளை அவனோடு தோளில் கை போட்டுப் பாடுவான். அந்த இடம் சும்மா கிடைத்தது அல்ல என்பதை, வீட்டுக்குத் திரும்பும் வழியில் ரெயிலில் அவனுக்குக் கதையாகச் சொல்லுங்கள்.